இரண்டு முறை இறங்கிப் பார்த்தது – கடிதம்

வணக்கம்,

14 வருடம் டிரெய்லர் ஓட்டியவன் நான். மனைவியும் நானும் பிரிந்துவிட்டோம். இருவர் பெயரிலும் இருந்த வண்டியை விற்றுப் பங்கு பிரித்தாயிற்று. எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் நீண்ட தூர ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மாதத்தில் 25 நாள் வெளியே. வீடு என்று ஒன்று இல்லாதவனுக்கு அதுதான் சரி என்று படுகிறது. நண்பரோ, கடனில் பழைய வண்டி ஒன்றை எடுத்துவிடு என்கிறார். போன வாரம் ஓட்டிப் பார்த்தேன். கியருக்குக் கை தானாகப் போகிறது. ஆனால் டிரெய்லர் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். முன்பெல்லாம் இப்படிக் கிடையாது. கை போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. மகள் அவள் அம்மாவோடு இருக்கிறாள். வாரம் மூன்று நாள் மாலை ஏழு மணிக்குப் போனில் பேசலாம் என்று ஏற்பாடு.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கை போகவில்லை. கியர், கிளட்ச், டிரெய்லரைப் பின்னால் எடுப்பது எல்லாம் உடம்பில் பதிந்தவை. எட்டு மாதத்தில் அழியாது. மனம் அலைந்துகொண்டிருக்கும்போது முதலில் பழுதாவது வேறொன்று: ஒரு வேலையை எதுவரை செய்தோம் என்ற நினைப்பு. செய்ததைச் செய்யவில்லை என்று தோன்றும். அதில் நஷ்டம் இரண்டு நிமிடம்தான். செய்யாததைச் செய்ததாகத் தோன்றுவதுதான் வண்டியைக் கவிழ்க்கும். அதனால் நீங்கள் இரண்டு முறை இறங்கிப் பார்த்ததை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டிரெய்லர் பூட்டுவதையே எடுத்துக்கொள்வோம். டிரெய்லருக்குப் பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். பிறகு உயரம். டிரெய்லரின் முன்பகுதி, அதைத் தாங்க உங்கள் வண்டியின் பின்புறம் இருக்கும் தட்டில் லேசாக உரசி ஏற வேண்டும். அது கொஞ்சம் உயரமாக நின்றால், டிரெய்லரின் அடியில் துருத்தி நிற்கும் கிங்பின் என்ற ஆணி, தட்டில் அதைக் கவ்விப் பிடிக்கும் தாடைக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ‘டக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பார்ப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. அரைகுறையாகப் பூட்டியதும் ஒரு இழுப்பைத் தாங்கிவிடும், வளைவில் கழன்றுவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடையைப் பூட்டும் லீவர் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். அதன் பிறகுதான் காற்றுக் குழாய்கள், மின் இணைப்பு, டிரெய்லர் தனியாக நிற்கும்போது தாங்கும் முன்கால்களைத் தூக்குவது, கட்டையை எடுப்பது, விளக்குகள்.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி கேபினில் தொங்கவிடுங்கள். கூடவே ஒரு விதி: நடுவில் போன் வந்தாலோ யாராவது கூப்பிட்டாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். முன்கால்களைத் தூக்காமல் கிளம்பியது, காற்றுக் குழாயைக் கழற்றாமல் டிரெய்லரை விட்டு நகர்ந்தது போன்ற தவறுகளைத் துருவிப் பார்த்தால், அநேகமாக நடுவில் ஒரு பேச்சு புகுந்திருக்கும். சாவி பையில் இருக்கும்வரை சோதனை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் கொடுப்பது உங்கள் கைக்குப் பழகாத வண்டி. கிளம்புமுன் பிரேக்கை நீங்களே சோதியுங்கள். சமதளத்தில், கட்டை போட்டு, பிரேக்குக்கான காற்றை முழுதாக ஏற்றுங்கள். பல வண்டிகளில் 8 பார் (காற்றழுத்த அளவு) வந்ததும் காற்று ஏறுவது தானாக நின்றுவிடும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியதும் காற்றழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் இறங்குவது கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு, டிரெய்லரோடு சேர்த்து, அந்த ஒரு நிமிடத்தில் 0.3 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அடுத்து பெடலை விட்டு விட்டு அழுத்திக் காற்றைக் குறையுங்கள். 4 பார் வாக்கில் எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வந்தாக வேண்டும். வராத வண்டியை எடுக்காதீர்கள், முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும். வீல் நட்டுகளைச் சுற்றித் துரு கோடு கோடாகக் கதிர்போல வடிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம். சக்கரம் மாற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கிப் பார்க்கவும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பிரிவுக்குப் பிறகு தூங்குபவர்கள் குறைவு, அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகின்றன என்பது ஆய்வில் அளந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் சொருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர். பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும். அந்த நேரத்துக்கு ஜன்னல் காற்றும் பாட்டும் மருந்தல்ல. வண்டியை ஓரங்கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே 20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்குவதற்கும் நீங்கள் எழுவதற்கும் சரியாக இருக்கும். எழுந்த கையோடு ஓட்டாமல் கால் மணி நேரம் நடந்துவிட்டு ஏறுங்கள். தூக்க மாத்திரையோ மனச்சோர்வுக்கான மாத்திரையோ எழுதித் தந்தால், கனரக வண்டி ஓட்டுகிறேன் என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சில மாத்திரைகளின் மந்தம் மறுநாள் காலை வரை நிற்கும். இரவு குடிக்கும் மதுவும் அப்படித்தான். முதலில் தூங்க வைத்து, பின்பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

வேலைக்கு வருவோம். 25 நாள் வெளியே இருக்கும் ஓட்டம் இப்போது வேண்டாம். வீடு இல்லை என்பதால் கேபினையே வீடாக்கிக்கொள்வது சுலபமான வழியாகத்தான் தெரியும். ஆனால் கேபினில் பேச ஆளில்லை, தூக்க நேரம் லோடு சொன்னபடி மாறும், பழைய சண்டையை மனதில் ஓட்டிப் பார்க்கத் தினம் பத்து மணி நேரம் கிடைக்கும். முதல் மூன்று மாதமாவது ஒரே வழித்தடம், பகல் ஓட்டம், இரவு நிலையான படுக்கை என்று கிடைக்குமா கேளுங்கள். வருமானம் குறையும். குறையட்டும். கம்பெனியிடம் கேட்க வேண்டியவை: லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா, காலி ஓட்டத்துக்கு உண்டா, லோடைக் கட்டுவது யார் பொறுப்பு, ஒரு வாரத்துக்கான ஓட்டம் எப்போது தெரியும். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேர்ந்தால் மகளிடம் பேசும் நேரத்தை உங்களால் காப்பாற்ற முடியாது. எட்டு மாத இடைவெளியைப் பற்றிக் கேட்டால், “குடும்பக் காரணம், இப்போது முடிந்துவிட்டது” என்றால் போதும். விலாவரியாகச் சொல்லி அனுதாபம் தேடினால் டிரிப் கொடுக்கத் தயங்குவார்கள்.

கடனில் பழைய வண்டி எடுப்பதை எண்ணால் பாருங்கள். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், அதில் 4,000 காலி ஓட்டம் என்றால், டயரும் டீசலும் பத்தாயிரத்துக்குத் தேயும், கூலி ஆறாயிரத்துக்குத்தான் வரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 2,500 லிட்டர் வேண்டும்; பழைய வண்டி 3.5 தந்தால் ஏறக்குறைய 2,860. அந்த 360 லிட்டர் ஒவ்வொரு மாதமும் உங்கள் பையிலிருந்துதான். தவணையோ வண்டி பட்டறையில் நின்றாலும் நிற்காது. மூன்று மாதத் தவணையும் ஒரு பெரிய பழுதுக்கான பணமும் தனியாக இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதோடு, விற்ற பழைய வண்டியின் பெயர் மாற்றம் பதிவாகிவிட்டதா, அதன் கடனில் நீங்கள் இன்னும் கூட்டுக் கடன்காரராக நிற்கிறீர்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு பிரித்தாயிற்று என்பது உங்கள் இருவருக்குள் உள்ள பேச்சு, கடன் கொடுத்தவருக்கு அது தெரியாது. உரிமம், மருத்துவச் சான்று இவற்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள். காப்பீட்டு நாமினி, புதுப்பித்தல் கடிதம் போகும் முகவரி எல்லாம் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கும்.

மகளின் போன். ஓடும் வண்டியில் பேசவே பேசாதீர்கள், காதில் கருவி மாட்டிக்கொண்டும் வேண்டாம். கை சும்மா இருந்தாலும் மனம் ரோட்டில் இருக்காது. அவள் அம்மாவிடமிருந்து வரும் செய்திகளுக்கு வேறு ஒலி வைத்து, வண்டி ஓடும்போது அதை அணைத்துவிடுங்கள். ஏழு மணி என்று இருப்பதை ஏழிலிருந்து எட்டுக்குள் என்று மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏழு மணிக்குள் நிறுத்துமிடம் போய்ச் சேர வேண்டும் என்று கடைசி 20 கிலோமீட்டரை விரட்டுவதற்கு அந்த ஒரு மணி நேரம் காரணம் இல்லாமல் செய்துவிடும். லோடு இறக்குமிடத்தில் வரிசை நீளம் என்று மதியமே தெரிந்தால், மதியமே சொல்லிவிடுங்கள்.