மருந்துக் கணக்கும் ஆராய்ச்சியும் இழுக்கிறதா, சிஸ்டர்?

காரைக்குடியில் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார்: "அரசு செவிலியர் வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் நோயாளி பராமரிப்புக் கேள்விகள் வந்துவிடுகின்றன, மருந்துக் கணக்கிலும் ஆராய்ச்சியிலும் மார்க் போகிறது. நைட் டியூட்டிக்கு நடுவில் எந்தப் புத்தகம் படிப்பது?"

புதுப் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள், சிஸ்டர். வார்டில் தினம் செய்வதைத்தான் கேட்கிறார்கள், ஏன் செய்கிறோம் என்பதோடு சேர்த்துக் கேட்கிறார்கள், அங்கேதான் தடுமாறுகிறோம்.

1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கண்ணளவில் திருப்பிப் பழகிய கைக்கு இது வராது, அதனால் இன்று இரவு மாட்டும் ஒவ்வொரு டிரிப்புக்கும் முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அதை மறந்தால் விடை தலைகீழாகிவிடும்.

இன்சுலினை மட்டும் அவசரமாகப் படிக்கவே கூடாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள், தானே ஊசி போட்டுக்கொள்கிறவர். சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 20 யூனிட் போடுவதாக நினைத்து 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி, உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி ஆச்சி மயங்கி விழுந்தால் பார்க்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று மூடியின் நிறத்தையும் மருந்து பாட்டிலையும் அவர் கையில் கொடுத்துக் காட்டிச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் மறக்காது.

ஆராய்ச்சிக்கும் அதே ஆச்சி போதும். அவரைப் போல 30 பேருக்குப் பாதப் பராமரிப்பு சொல்லிக் கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அளந்தால், சொல்லிக் கொடுத்தது இண்டிபெண்டன்ட் வேரியபிள், மாறிய மதிப்பெண் டிபெண்டன்ட் வேரியபிள். சொல்லிக் கொடுத்ததால் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் நல் ஹைப்போதிசிஸ். ஒரே கருவி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அளந்தால் ரிலையபிலிட்டி, அளக்க வேண்டியதையே அளந்தால் வேலிடிட்டி. எப்போது ஏறினாலும் இரண்டு கிலோ கூடவே காட்டும் எடை மெஷினில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை.

பராமரிப்பில் உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, வார்டுப் பழக்கத்தை விடையாக எழுதிவிடாதீர்கள் என்பதைத் தவிர. படுத்தே இருப்பவரின் முதுகு சிவந்திருந்தால் தேய்த்துவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தேய்க்கக் கூடாது, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து அழுத்தத்தை எடுக்க வேண்டும்.

நைட் முடித்து வந்ததும் படிக்க உட்காராதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு 20 கேள்வி போடுங்கள், தப்பான விடைக்கு மட்டும் நோட்டில் காரணம் எழுதி வையுங்கள். அடுத்த டியூட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் அந்த நோட்டைப் புரட்டினால் போதும்.