'விகரஸ்லி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கே பயன்படுத்தலாம்?

ஆபீஸ் மின்னஞ்சலைப் பாதி எழுதிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் அனுப்பாதீர்கள்.

நான் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஜூரோங்கில் ஸ்டோர் வேலை. சரக்கு அனுப்பாமல் இழுத்தடித்த ஒருவருக்கு 'வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுத நினைத்து, 'ஐ விகரஸ்லி ரிக்வெஸ்ட் யூ' என்று எழுதிவிட்டேன். அகராதியில் 'வலுவாக, ஊக்கத்துடன்' என்றுதான் இருந்தது. அதைப் படித்த சூப்பர்வைசர் கோப்பிக் கடையில் எல்லார் முன்னாலும் கையைக் கூப்பி, உடம்பைக் குலுக்கிக் குலுக்கி நடித்துக் காட்டினார். ஒரு மாதம் என் பெயரே விகரஸ்.

துடிப்போடு இருப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. மருந்து பாட்டிலைக் குலுக்குவது, தலையைத் துவட்டுவது, தண்ணீர் தளதளவென்று கொதிப்பது, எல்லாவற்றுக்கும் பொருந்தும். உடம்பு அசையாத இடத்திலும் வரும். ஆனால் அங்கே ஒரு மல்லுக்கட்டு இருக்க வேண்டும்: குற்றச்சாட்டைத் திட்டவட்டமாக மறுப்பது, தேர்தலில் மும்முரமாகப் பிரசாரம் செய்வது. பார்த்தீர்களா, வினைக்கு வினை தமிழ்ச் சொல் மாறுகிறது. ஒரே சொல்லைத் தேடினால் என் கதிதான்.

எனக்கு இது சரியாக விளங்கியது ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடும்போது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, விகரஸ் என்றால் 75 முதல் 150 நிமிடமே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் மிதம். நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் விகரஸ்.

'ரிக்வெஸ்ட்டோடும் வருமே' என்று யாராவது பழைய வரியொன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். நான் ஆங்கில வாத்தியார் இல்லை, ஸ்டோர்காரன்.

எழுத்திலும் ஒரு வம்பு உண்டு. இதன் பெயர்ச்சொல்லான 'விகர்' என்பதைப் பிரிட்டிஷ் முறையில் எழுதும்போது கடைசி 'ஆர்'-க்கு முன்னால் 'யூ' வரும். விகரஸ், விகரஸ்லி இரண்டிலும் அந்த 'யூ' காணாமல் போய்விடும். தொடக்கநிலை நான்கில் படித்த என் மகள் அதைச் சேர்த்து எழுதிச் சிவப்பு மை வாங்கி வந்தாள். இத்தனைக்கும் மாதாமாதம் துணைப்பாட வகுப்புக்குக் காசு கட்டுகிறோம். அங்கே கட்டுரைக்கென்று இரண்டு பக்கம் 'பலமான சொற்கள்' கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிள்ளை 'தாத்தா விகரஸ்லி தூங்கினார்' என்று எழுதி வைக்கிறாள்! யாரிடம் போய்ச் சொல்ல?

சரி, உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். 'ப்ளீஸ்' போட்டு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். அது போதும்.