கோண உந்தமும் சுழலும் வேகமும்: கேள்வி பதில்

கேள்வி: வேகமாகச் சுழல்வதற்குத்தான் கோண உந்தம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா, சார்?

பதில்: கூடாது. கோண உந்தம் = நிலைமத் திருப்புத்திறன் (நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) × கோணத் திசைவேகம். 10 கிலோ நிறை, 20 செ.மீ. ஆரம் கொண்ட சீரான தட்டுக்குத் திருப்புத்திறன் ½ × 10 × 0.2² = 0.2. நிமிடத்துக்கு 300 சுற்று என்பது நொடிக்கு 31.4 ரேடியன், ஆக கோண உந்தம் 6.28. அதே 10 கிலோவும் விளிம்பில் வளையமாக இருந்தால், அதே வேகத்தில் 12.56. சுற்றுகளின் எண்ணிக்கையை அப்படியே பெருக்கிவிடாதீர்கள். முதலில் 0.1047-ஆல் பெருக்கி ரேடியனுக்கு மாற்றுங்கள். விடை தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: சுழல்நாற்காலியில் டம்பெல்லோடு கைகளை மடக்கினால் வேகம் கூடுகிறது. யாரும் தள்ளவில்லையே, எந்த விசை கூட்டியது?

பதில்: அருமையான கேள்வி. "கோண உந்தம் மாறாது" என்று மட்டும் சொன்னால் இதற்குப் பதிலாகாது. திருப்புத்திறன் உடலுக்கும் நாற்காலிக்கும் சேர்த்து 1.44, தலா 2 கிலோ டம்பெல் இரண்டு 0.8 மீட்டரில் 2.56, மொத்தம் 4.0 என்று வைப்போம். கைகளை 0.2 மீட்டருக்கு மடக்கினால் டம்பெல்களின் பங்கு 0.16, மொத்தம் 1.6. நிமிடத்துக்கு 12 சுற்று 30 ஆகும்.

இப்போது டம்பெல்லின் நேர்வேகத்தைப் பாருங்கள்: நொடிக்கு 1 மீட்டராக இருந்தது 0.63 ஆகக் குறைகிறது! உள்ளே வரும் டம்பெல் உடலை முந்தப் பார்க்கிறது. கை அதைப் பின்னிழுக்க, அது கையை முன்னே தள்ளுகிறது. உடலைச் சுழற்றும் திருப்புவிசை அதுதான். டம்பெல்கள் இழந்த உந்தம் உடலுக்குப் போகிறது. இயக்க ஆற்றல் 3.2 ஜூலிலிருந்து 7.9 ஆகிறது, கூடுதல் உங்கள் தசைகள் செய்த வேலை.

கேள்வி: சுழலும் தட்டில் களிமண் விழுந்து ஒட்டினால் ஆற்றல் சமன்பாட்டைப் போடலாமா?

பதில்: வேண்டாம். களிமண் நேர்செங்குத்தாக விழுந்தால் கோண உந்தம் மட்டுமே மாறாதது. திருப்புத்திறன் இரட்டித்தால் வேகம் பாதியாகும், இயக்க ஆற்றலிலும் பாதி உராய்வில் வெப்பமாகும்.

கேள்வி: என் சக்கரம் எந்த நிலையில் விட்டாலும் நிற்கிறது, ஆனால் வேகமாகச் சுற்றினால் அதிர்கிறது. ஏன், ஐயா?

பதில்: நிறைமையம் அச்சில் இருக்கிறது, ஆனால் ஒருபக்க முகப்பில் மேலேயும், மறுபக்க முகப்பில் கீழேயும் கூடுதல் நிறை இருக்கலாம். அப்போது கோண உந்தம் அச்சோடு சாய்ந்து நின்று, சக்கரத்தோடு சேர்ந்து திசை மாறிக்கொண்டே இருக்கும். அதைத் திருப்பும் விசையைத் தாங்குருளைகள் (பேரிங்) தரவேண்டியிருக்கிறது. வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்கு. ஒரே முகப்பில் எடை ஒட்டினால் போதாது. சக்கரத்தைச் சுழலவிட்டு அளந்து, இரு முகப்பிலும் ஈடுசெய்யுங்கள்.