மூஸ் மானின் கழுத்தும் காலும் கழிவா?

கேள்வி: அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரில் வசிக்கிறோம். செப்டம்பரில் மூஸ் மான் வேட்டைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் கழுத்துக்கறி, கால்கறி, இதயம் மூன்றும் கொடுத்தார். கொஞ்சம் எடுத்து வறுத்தேன்; ரப்பர் போல இழுத்தது. நல்ல கறியை வைத்துக்கொண்டு கழிசலைத் தந்துவிட்டார் என்கிறார் என் கணவர். மீதியைக் கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டிவிடாதீர்கள். கறியில் குறையில்லை, வறுத்ததுதான் அதற்குப் பொருந்தவில்லை.

முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் நீளமாக ஓடும் சதைக்குத்தான் வேட்டைக்காரர் வீடுகளில் போட்டி. அதிகம் உழைக்காத தசை என்பதால் வாணலியில் சில நிமிடமே போதும். ஆனால் ஒரு பெரிய ஆண் மூஸில் ஏறக்குறைய 225 கிலோ கறி தேறும். முதுகுச்சதை அதில் சிறு பங்குதான். கனத்த கொம்பைத் தாங்கிய கழுத்திலும் உடலைச் சுமந்த காலிலும் ஜவ்வு மிகுதி. ஈரச் சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் அந்த ஜவ்வு கரையும்.

சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் அரைத்த மசாலாவில் கறியைப் பிரட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்றால் பதம் சரி. இல்லையென்றால் இன்னும் கால் மணி நேரம். மூஸ் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் நல்லெண்ணெயைத் தாராளமாக விடலாம். காலில் நல்லி எலும்பு இருந்தால் சூப்புக்கு ஒதுக்கிவையுங்கள். என்னைக் கேட்டால், குழம்புக்கு முதுகுச்சதையைவிடக் கழுத்துக்கறிதான் மேல்.

உங்கள் கணவருக்கு ஒரு தகவல். அலாஸ்கா சட்டப்படி கழுத்து, மார்பு, விலா, முன்கால், பின்கால், முதுகுச்சதை என உண்ணத்தக்க கறி முழுவதையும் வேட்டைக்காரர் காட்டிலிருந்து கொண்டுவந்தாக வேண்டும். கறியைக் காட்டில் போட்டுவிட்டுக் கொம்பை மட்டும் முதலில் தூக்கி வரக்கூடாது. கறியை வீணடித்தால் குறைந்தது 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம். இதயத்தைக் கொண்டுவரச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விரும்பியே சுமந்து வந்திருக்கிறார். பலர் தங்களுக்கென்றே வைத்துக்கொள்ளும் பங்கு அது. வெள்ளைக் கொழுப்பையும் குழாய்களையும் நீக்கி, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உள்வரை வேகும்படி மிளகு வறுவல் செய்யுங்கள்.

அங்கே சாலையில் அடிபட்டு இறக்கும் மூஸைக்கூட அழுக விடுவதில்லை. பதிவு செய்துள்ள தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள். ஓர் உயிரைக் கொன்றபின் அதை உணவாக்காமல் விடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சாப்பிடவே முடியவில்லை என்றால் உறைந்த பொட்டலத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள், வருத்தப்பட மாட்டார்.

எறிய வேண்டியதும் உண்டு. குண்டு பாய்ந்த இடத்தில் ரத்தம் கட்டிய சதையை, சுற்றிலும் அகலமாக வெட்டி நீக்கிவிடுங்கள். ஈயக் குண்டின் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளியும் சிதறியிருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. எந்தக் குண்டு என்று அவரிடமே கேட்டுவிடலாம். அடுத்த முறை ஈரலோ சிறுநீரகமோ தந்தால் அடிக்கடி சாப்பிட வேண்டாம், மூஸின் அந்த உறுப்புகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கும்.