கொழுந்தனாரின் தவணையும் 42 நாள் ஊசியும்

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், வயது 52, சர்க்கரை உண்டு. முதுகெலும்பில் கிருமி என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று ரிப்போர்ட். ஆறு வாரம் நரம்பில் ஊசி போடச் சொன்னார்கள். அஞ்சு வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கினோம். வீட்டுக்கே ஆள் வந்து போட, மருந்தோடு நாளுக்கு 1,400 ரூபாய். 18 நாளில் வலி குறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் படகு இன்ஜின் கடனுக்குக் கேட்டார். கையிலிருந்த 20,000-ஐக் கொடுத்துவிட்டு ஊசியை நிறுத்தினோம். அவருக்கு மாதாமாதம் 6,000 வேறு போகிறது. மூன்று வாரத்தில் காய்ச்சலும் வலியும் திரும்பிவிட்டன. முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறார் டாக்டர். இன்னும் ஒரு லட்சம் வாங்கலாமா? ஏஜெண்ட் ஒருவர் தீவிர நோய் பாலிசி எடுக்கச் சொல்கிறார், வருடம் 14,000. எடுக்கலாமா?

பதில்: பாலிசியை முதலில் முடித்துவிடுகிறேன்: வேண்டாம். மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம் என்று பட்டியல் போட்டு, அதில் இருக்கும் நோய்க்கு மட்டும் பணம் தருகிற சரக்கு அது. முதுகெலும்புத் தொற்றை அந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அப்படியே இருந்தாலும், ஓட்டை விழுந்த படகுக்கு யார் இன்ஷூரன்ஸ் தருவார்கள்? இப்போதெல்லாம் எந்த வீட்டில் ஆள் படுத்தாலும் வாசலில் ஒரு ஏஜெண்ட் நிற்கிறார்.

அஞ்சு வட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, மாதம் 7,500 எண்ணி வைக்கிறவர் நீங்கள். உங்களைக் கெடுப்பது வட்டிகூட அல்ல. வலி நின்றதும் மருந்துப் பணத்தை மிச்சப் பணமாக நினைத்துக் கொழுந்தனாரிடம் தூக்கிக் கொடுக்கும் பழக்கம்தான். கணக்கைப் பாருங்கள். 42 நாள் × 1,400 = 58,800. அதில் 18 நாளுக்கு 25,200 செலவழித்தீர்கள். இப்போது ஒன்றிலிருந்து எண்ணுவதால் அந்த 25,200-ம் கடலில் போட்டதுதான். கொழுந்தனாருக்குக் கொடுத்த 20,000-க்கு உங்கள் குடும்பம் கொடுத்த விலை அது. திரும்பச் செய்யும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்கு மேலே.

வலி குறைவதை நம்பி இந்த நோயில் எதையும் முடிவு செய்யக்கூடாது. பெரியவர்களின் முதுகெலும்புத் தட்டுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அரித்துப்போன எலும்பிலும் ரத்தம் சரியாக ஓடாது. மருந்து மெல்ல மெல்லத்தான் போய்ச் சேரும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடியும், வலி அடங்கும், கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். ஆறு வாரம் என்பதும் வாய்க்கு வந்த எண் அல்ல. ஆறு வாரமா பன்னிரண்டு வாரமா என்று பிரான்சில் ஒப்பிட்டுப் பார்த்து, ஆறு வாரமே போதும் என்று 2015-ல் வெளியிட்டார்கள். அதற்கும் குறைப்பது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. சீழ் வடியாமல் தங்கியிருந்தாலோ, வழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸாக இருந்தாலோ எட்டு வாரம்கூட ஆகலாம்.

சரி, இரண்டாவது சுற்றுக்கு ஏன் நாளுக்கு 1,400? இந்தக் கிருமிக்கு வழக்கமாகத் தரும் செஃபசோலினை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டும். ஆள் மூன்று முறை வந்துபோகிற கூலியே பில்லை ஏற்றிவிடும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுக்கவையுங்கள். அங்கே முடியாததை மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கூட்டம் இருக்கும்தான், ஆனால் அதற்கு வட்டி கிடையாது. தனியார் மருத்துவமனைதான் வேண்டுமென்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உள்ள இடமா என்று சேர்வதற்கு முன்பே அங்குள்ள கவுண்ட்டரில் கேளுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. சேரும்போதே அட்டையைக் காட்டவேண்டும். கட்டி முடித்த பில்லோடு போனால் பணம் திரும்பாது.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முதல் ஊசிக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கிறார்களா? மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். அடுத்து, சில வாரத்துக்குப் பின் மாத்திரைக்கு மாறலாமா? எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் மாத்திரை ஊசிக்குச் சளைக்கவில்லை; ஆனால் எல்லா மாத்திரையும் எலும்புக்குள் இறங்காது, முடிவு அவருடையது. மூன்றாவது, வலியும் சி.ஆர்.பி.யும் (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி எம்.ஆர்.ஐ. தேவையா? ஆள் தேறிய பிறகும் படம் சில வாரம் மோசமாகவே காட்டும், அதைப் பார்த்துப் பயந்து செலவழிப்பவர்கள் நிறைய. வாரம் ஒரு சி.ஆர்.பி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்தால் போதும். சர்க்கரை ஏறியிருந்தால் கிருமி அடங்காது, அதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

புதிதாக ஒரு லட்சம் வாங்காதீர்கள். இருக்கிற ஒன்றரை லட்சத்தையும் மாற்றுங்கள்: வீட்டில் இருக்கும் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து வட்டிக்காரரை முழுசாக முடியுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,250 ரூபாய்தான் வட்டி. 7,500-லிருந்து அதைக் கழித்தால் மாதம் 6,250 மிச்சம். கொழுந்தனாரின் 6,000-ஐ நிறுத்தினால் 12,250. ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். வீட்டில் இன்னொருவர் கடலுக்குப் போனாலும் அப்போது பங்கு வராது, இந்த மிச்சம்தான் சோறு போடும்.

கொழுந்தனாரிடம் உங்கள் வீட்டுக்காரரே பேசட்டும், நீங்கள் பேசினால் அண்ணி தடுத்தாள் என்றாகிவிடும். இன்ஜின் கடன் அவர் பெயரில் இருந்தால் வங்கியில் தவணையைத் தள்ளிப்போடக் கேட்கவேண்டியதும் அவர்தான். நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கு வேறு.

கால் மரத்தாலோ, நடை தளர்ந்தாலோ, சிறுநீர் நின்றாலோ இந்தக் கணக்கையெல்லாம் மூடிவைத்துவிட்டு அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று அர்த்தம், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். போகும்போது மதுரையில் எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படும் என்பது அதில்தான் இருக்கிறது.