கோல்டன் குளோப்பும் விசுவமடுவும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

விசுவமடுவில் எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப் பெடியள் காசு சேர்த்து ஒரு புரொஜெக்டர் வாங்கித் தந்தார்கள். எந்தப் படத்தைப் போடுவது என்று குழம்பி, கடைசியில் கோல்டன் குளோப் என்ற ஹொலிவூட் விருதில் சிறந்த டிராமா விருது வாங்கிய படங்களை ஒவ்வொன்றாகப் போடலாம் என்று முடிவெடுத்தோம். போன மாதம் முதலாம் உலகப்போர்ப் படமான ‘1917’. படம் முடிந்ததும் சண்டையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. “அந்தப் பச்சைப்பிள்ளை தப்பினதோ?” என்றுதான் ஆச்சிமார் கேட்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். “விருதுப் படம் எண்டு சொல்லிச் சனத்தை அழ வைக்காதை, நல்ல இந்தியப் படமாப் போடு” என்கிறார் தலைவர். இந்த விருதை நம்பிப் படம் தேர்ந்தெடுக்கலாமா? தமிழ்ப் படம் ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லையே, ஏன்?

ஒரு வாசகி, விசுவமடு

அன்புத் தங்கச்சி,

நம்பலாம். ஆனால் பட்டியல் யாருடையது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

இந்த விருதைத் தொடங்கியவர்கள் ஹொலிவூட்டில் தங்கி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிய செய்தியாளர்கள். 1944இல் முதல் விருது. ஆரம்பத்தில் சிறந்த படம் என்று ஒன்றுதான் இருந்தது. 1952இல்தான் டிராமாவுக்கு ஒன்று, இசைப்படத்துக்கும் நகைச்சுவைக்கும் சேர்த்து இன்னொன்று என்று பிரித்தார்கள். எங்கள் சனத்தில் பலருக்கு இந்த மேடையை அறிமுகப்படுத்தியது 2009இல் ரகுமான் அங்கே ஏறியதுதான். அவர் இசையமைத்த ‘ஸ்லம்டோக் மில்லியனர்’தான் அந்த வருடம் டிராமா விருதையும் வாங்கியது.

இத்தனை பெரிய விருதுக்கு வாக்களித்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2021இல் லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை விசாரித்து எழுதியபோது அந்தச் செய்தியாளர் சங்கத்தில் 87 பேர் இருந்தார்கள், அதில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. பெரிய கொந்தளிப்பாகி, 2022 விழாவை எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பவில்லை. 2023இல் சங்கமே கலைக்கப்பட்டு விருது வேறு கைக்குப் போனது. இப்போது பல நாடுகளைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கிறார்கள். இது நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போடப்போகும் பழைய படங்கள் முழுவதும் அந்தச் சிறு கூட்டம் தேர்ந்தவை.

தமிழ்ப் படம் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இதற்குள் இருக்கிறது. வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் இல்லாத படம் டிராமாப் பிரிவில் நிற்க முடியாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. 2020இல் ‘1917’ டிராமா விருதை வாங்கிய அதே இரவில் கொரியப் படமான ‘பாரசைட்’ படங்களுக்கான விருதுகளில் பிறமொழிப் பிரிவில் மட்டும்தான் நிற்க முடிந்தது. அடுத்த மாதமே அது ஒஸ்காரில் சிறந்த படமானது. அதற்கடுத்த வருடம் ‘மினாரி’க்கும் அதே கதி. அமெரிக்காவில், அமெரிக்கர் ஒருவர், அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தைப் பற்றி எடுத்த படம் அது. வீட்டுக்குள் கொரிய மொழி கதைத்ததால் வெளியாளாகிவிட்டது. அப்புறம்தான் விதியை மாற்றினார்கள். 2024இல் டிராமாவுக்குப் போட்டியிட்ட ஆறு படங்களில் பிரெஞ்சும் ஜெர்மனும் கொரியமும் கேட்டன. ஆக, கதவு திறந்து கொஞ்சக் காலம்தான். அதற்குள் போக அமெரிக்காவில் படத்தை வெளியிட வேண்டும், வாக்களிப்பவர்கள் கண்ணில் பட வைக்க வேண்டும், அதற்குக் கொட்டப் பணம் வேண்டும். வன்னியில் படமெடுக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பின்பலம் எங்கே?

எங்கள் நாட்டு மண்ணே இந்த விருதை வாங்கியிருக்கிறது, தெரியுமா? 1958இல் டிராமா விருது வாங்கிய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ கித்துல்கலையில் எடுத்த படம். களனி ஆற்றின் குறுக்கே நிஜமாகவே மரப்பாலம் கட்டி, ரயிலை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியருக்காகச் சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதை போட்ட பிரித்தானியப் போர்க்கைதிகளின் கதை. அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் பசியாலும் கொலராவாலும் செத்தார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. பாலத்தைத் தகர்க்கக் காட்டுக்குள் வரும் கொமாண்டோக்களின் மூட்டைகளைச் சுமந்து வரும் சயாம் பெண்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வசனம் இல்லை என்றே சொல்லலாம். அருமையான படம், நான் பலமுறை விரும்பிப் பார்த்தது. ஆனாலும் அந்தப் பெண்கள் வரும்போதெல்லாம் என் கண் அவர்கள் பின்னாலேயே போகும்.

இனி ஆச்சிமார் கேட்ட கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அதுதான்.

‘1917’இல் அந்த இடத்தை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். தாக்குதலை நிறுத்தச் சொல்லும் சேதியோடு எரிகிற ஊருக்குள் ஓடிவரும் சிப்பாய் ஒரு நிலவறைக்குள் விழுகிறான். உள்ளே ஒரு பிரெஞ்சுப் பெண், கையில் கைக்குழந்தை. குழந்தை அவளுடையதில்லை. யாருடையது என்று அவளுக்கும் தெரியாது. அவன் தன்னிடமிருந்த சாப்பாட்டைக் கொடுக்கிறான். குழந்தைக்குப் பால் வேண்டும் என்கிறாள். கைவிடப்பட்ட ஒரு பண்ணையில் தண்ணீர்ப் போத்தலில் நிரப்பிக்கொண்டு வந்த பாலை எடுத்து நீட்டுகிறான். கொஞ்ச நேரம் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்கிறான். மணியடிக்கும் சத்தம் கேட்டதும் போய்விடுகிறான். கமராவும் அவனோடு போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை.

பிள்ளை தப்பியதா என்று படம் சொல்லவில்லை, தங்கச்சி. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறது. முழுப் படமும் வெட்டே இல்லாத ஒரே ஓட்டம்போல எடுக்கப்பட்டது என்று உலகமே கொண்டாடியது. அந்த ஓட்டம் நிலவறையில் நிற்க முடியாது, ஏனென்றால் சேதி கொண்டுபோகிறவன் நிற்க முடியாது. உங்கள் மண்டபத்தில் இருந்த சனமோ அவனோடு வெளியே போகவில்லை. உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2009இன் முதல் மாதங்களில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று நகர்ந்து முள்ளிவாய்க்கால் மணலில் போய் நின்ற சனம் அது. கூறைச் சேலையையும் கிழித்துத் தைத்து மண் நிரப்பி பங்கர் வாயில் அடுக்கியவர்கள். பால்மா கிடைக்காமல் கஞ்சித் தண்ணீரைப் பருக்கியவர்கள். செல் அடிக்கும்போது பக்கத்தில் கிடந்த யாரோ ஒருவரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் அந்த மண்டபத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஐந்தாறு நிமிடம்தான் படம். மிச்சம் எல்லாம் முன்னும் பின்னும்.

விருதுக்காரர்களை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது ஓடுகிறவனை. எங்களிடம் இருப்பது நிலவறையில் இருந்தவளின் கதை. அதை எடுக்க வேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் பின்வரிசையில் நின்ற உங்கள் பெடி பெட்டையள்தான். கையில் போன் இருக்கிறது, கேட்கிற கேள்வியும் கிடைத்துவிட்டது. அழுத இருவரிடமும் அவசரப்பட்டு மைக்கை நீட்டாதீர்கள். அவர்களாகக் கதைக்க வந்தால் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

தலைவரின் கவலையும் நியாயம்தான். போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த சனம், அவருக்கும் அந்த ஞாபகம் இருக்கும். இந்தியப் படமும் போடுங்கள். ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது. இரண்டு போர்ப் படங்களை மட்டும் அடுத்தடுத்துப் போடவேண்டாம். ‘பிளட்டூன்’ போன்ற விருதுப் படங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

அடுத்ததாக நான் சொல்வது 2021இல் டிராமா விருது வாங்கிய ‘நோமேட்லாண்ட்’. தொழிற்சாலை மூடியதால் ஊரே காலியாகிவிட, வான் வண்டியொன்றை வீடாக்கிக்கொண்டு வேலை தேடி அலையும் ஒரு விதவையின் கதை. நடித்தவர்களில் பலர் நிஜமாகவே அப்படி வண்டியில் வாழ்பவர்கள், தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். அப்பா கொடுத்த பீங்கான் தட்டுகளை அவள் ஊர் ஊராகப் பொத்திக்கொண்டு திரிவாள். ஒருநாள் இன்னொருவர் கைதவறி அவை உடையும். உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டுவாள். முகாமிலிருந்து திரும்பி வந்து, பற்றை மண்டிய வளவுக்குள் அம்மியையும் கிணற்றடிக் கல்லையும் தேடியவர்களுக்கு அந்தத் தட்டு விளங்கும்.

சண்டை இல்லை, சத்தமும் குறைவு. மெதுவாகப் போகிற படம் என்று முதலே சொல்லிவிடுங்கள். ஆங்கில எழுத்து ஓடினால் வயதானவர்களுக்கு வாசிக்க முடியாது, ஆகவே யாராவது ஒருவர் முன்னால் இருந்து முக்கியமான வசனங்களைத் தமிழில் சொல்லட்டும். எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. எந்த எந்த இடம் என்று நேரக் குறிப்போடு எழுதி வாற கிழமை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணா