ராஜா பார்க்காத நாடுகள்

அன்புள்ள ஐயா,

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு பழைய வரைபடத்தில் ஸ்பெயினும் மெக்சிகோவும் பெருவும் பிலிப்பைன்ஸும் ஒரே நிறத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தூரத்தையும் ஒரே ராஜா எப்படிம்மா ஆண்டார்?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்துக் கொடுமைகளை இந்த வயதில் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அருமையான கேள்வி. போர்களிலிருந்து தொடங்காதீர்கள், அந்த ராஜாவிடமிருந்தே தொடங்குங்கள். இரண்டாம் பிலிப் 1556 முதல் 1598 வரை ஸ்பெயினை ஆண்டவர். பிலிப்பைன்ஸுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அவர் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை, அமெரிக்காவையும் பார்த்ததில்லை. 1559-க்குப் பிறகு, ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தை விட்டு வெளியே போகவும் இல்லை. மேஜையில் உட்கார்ந்து, வந்து குவியும் காகிதங்களைப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதியே ஆண்டார். மணிலாவிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் போய்ச் சேர வருடக்கணக்கில் ஆகும். அதனால் அன்றாட ஆட்சியை மெக்சிகோவிலும் பெருவின் லிமாவிலும் இருந்த வைஸ்ராய்கள், அதாவது ராஜாவின் பிரதிநிதிகள்தான் நடத்தினார்கள். குழந்தைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் வெள்ளியின் கதைக்கு வாருங்கள். ஒரு உலக உருண்டையை எடுத்து, அவள் விரலாலேயே வழியைத் தேடச் சொல்லுங்கள். இன்றைய பொலிவியாவில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொட்டோசி. அங்கே 1545-இல் வெள்ளி மலை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வெள்ளியை லாமாக்கள் முதுகில் ஏற்றிக் கடற்கரைக்கு இறக்கி, பனாமா வழியாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். மெக்சிகோ வெள்ளியில் ஒரு பகுதி எதிர்த் திசையில், அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்குப் போனது. போக மூன்று மாதம் போதும். திரும்புவதுதான் பெரும்பாடு: வடக்கே ஜப்பான் பக்கம் ஏறி, மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பிடிக்க வேண்டும். உர்தானெத்தா என்ற மாலுமித் துறவி 1565-இல் கண்டுகொடுத்த வழி அது. 1815 வரை, 250 வருடம், அந்தக் கப்பல்கள் ஓடின. சீன வணிகர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்து மணிலாவில் அந்த வெள்ளியை வாங்கிப் போனார்கள். சீனாவில் அப்போது வரியையே வெள்ளியாகத்தான் கட்ட வேண்டியிருந்தது.

கொடுமையைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். “அந்த மலையை யார் தோண்டினார்கள்?” என்று அவளிடமே கேளுங்கள். 1570-களில் வைஸ்ராய் தொலேதோ போட்ட ஏற்பாட்டின்படி, சுற்றியிருந்த பல மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். மறுக்க முடியாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இறங்கி, தாதுவைச் சுமந்துகொண்டு தோல் ஏணிகளில் ஏறினார்கள். பலர் வீடு திரும்பவில்லை. பெரியம்மை போன்ற புதிய நோய்களுக்கு ஊர் ஊராக மக்கள் பலியானதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். உடல் வதைகளை விவரிக்க வேண்டாம். ஆனால் மழுப்பவும் வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அநியாயம் எதுவென்று நன்றாகவே புரியும். பேரரசை வெறும் வீரக் கதையாகச் சொல்லும் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

இவ்வளவு வெள்ளி வந்தும் பிலிப் 1557, 1575, 1596 என்று பல முறை கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தார். நெதர்லாந்திலும் கடலிலும் ஓயாமல் நடந்த போர்கள், படைகளின் சம்பளம், கடன் கொடுத்தவர்களின் வட்டி என்று வந்ததெல்லாம் கரைந்தது. வெள்ளி எங்கே போனது என்று அவள் எப்படியும் கேட்பாள், இதைச் சொல்லுங்கள்.